எட்டுக் கால் எறும்பு



சென்ற கல்வியாண்டில் அறிவியல் கண்காட்சிக்காக நாம் பூச்சிகளைத் திரட்டிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீப்பெட்டி ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், இந்த எறும்புக்கு எட்டுக் கால் இருக்கிறது" என்றாள்.

பெட்டியைச் சிறிது திறந்து பார்த்தேன். நம் பள்ளி மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டி வாழ்கிறதே, அந்தச் சிவப்பு முசுறு ஒன்று உள்ளே பரபரத்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. "உணர்கொம்பு இரண்டையும் கால் என்று எண்ணியிருப்பாய். ஆறும் இரண்டும் எட்டு. போய்த் திரும்ப எண்ணிப் பார்" என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் வாடியதைக் கண்டும் நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் அவள் மீண்டும் வந்து நின்றாள். "நான்கு தடவை எண்ணினேன், டீச்சர். எட்டுதான் வருகிறது. பெட்டியைக் கவிழ்த்தால் கீழே விழாமல் நூலில் தொங்குகிறது. எறும்பு நூல் விடுமா?" என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் நான் லென்ஸை எடுத்தேன். எறும்பின் முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு பெரிய, பளபளக்கும் கண்கள் என்னை நேராகப் பார்த்தன. அது எறும்பு அன்று, சிலந்தி. வகைப்பாட்டியல் பாடம் நடத்துகிற நான் பார்க்காமலே பெயர் சொல்லிவிட்டேன். பாடம் படிக்க வந்தவள் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டாள். அன்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஓர் உயிரை எப்படிப் பார்த்து, எப்படிப் பெயர் சொல்ல வேண்டும் என்பதை அவளோடு சேர்ந்து நானும் திரும்பக் கற்றேன். கற்றதை இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

எறும்பா, சிலந்தியா?

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். எறும்புக்கு ஆறு கால்கள், இரண்டு உணர்கொம்புகள். சிலந்திக்கு எட்டுக் கால்கள்; உணர்கொம்பு கிடையாது. வித்தியாசம் எளிதுதானே என்று தோன்றும். ஆனால் இந்தச் சிலந்தி தன் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னே தூக்கி, எறும்பு உணர்கொம்பை அசைப்பது போலவே அசைக்கிறது. எறும்பிலும் ஆறும் இரண்டும் எட்டு. சிலந்தியிலும் ஆறும் இரண்டும் எட்டு. எனவே எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து முளைக்கிறது, என்ன வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். எறும்பின் உணர்கொம்பு தலையின் முன்புறத்தில் தோன்றி, நம் முழங்கை போல நடுவில் மடங்கியிருக்கும். அது உடலின் பாரத்தைத் தாங்குவதில்லை. சிலந்தியின் முன்னங்காலோ மற்றக் கால்களோடு வரிசையாக உடலின் கீழ்ப்பக்கத்திலிருந்து புறப்படும். ஓட வேண்டிய நேரத்தில் தரையில் ஊன்றும்.

இந்தக் கால் விஷயத்தில் அறிஞர்களே நெடுங்காலம் ஏமாந்திருந்தார்கள். எறும்புப் போலிச் சிலந்தி முன்னங்கால்களைத் தூக்கியபடி ஆறு கால்களால் நடக்கிறது என்றே பலரும் நம்பினர். ஐரோப்பாவில் வாழும் மிர்மராக்னே பார்மிக்காரியா என்னும் சிலந்தியை அதிவேகக் கேமராவால் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2017ஆம் ஆண்டு உண்மையை வெளியிட்டார்கள். அது எட்டுக் கால்களாலும்தான் நடக்கிறது. இடையிடையே ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நின்று, முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டிவிட்டு மீண்டும் நடக்கிறது. அந்த நிறுத்தம் மிகச் சிறியதாகையால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கால்கள் எப்போதும் உயர்ந்தே இருப்பதாகத் தோன்றுகிறது. எறும்புகள் மோப்பத் தடத்தின்மேல் வளைந்து வளைந்து செல்வது போல இதுவும் நெளிந்து செல்கிறதாம்.

அடுத்து உடல். எறும்பின் உடலில் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதிகள். சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்த தலைமார்பு ஒன்று, வயிறு ஒன்று. ஆக இரண்டே பகுதிகள். நம் சிலந்தியின் தலைமார்போ நடுவில் ஒடுங்கி, இரண்டு துண்டு போலக் காட்சியளிக்கிறது. தலைமார்பையும் வயிற்றையும் இணைக்கும் காம்பும் மற்றச் சிலந்திகளில் போல மறைந்திராமல், எறும்பின் இடுப்பு போல நீண்டு தெரிகிறது. முசுற்றைப் போல வேடமிடும் சிலந்தியின் தலைப்பக்கத்தில், எறும்பின் கூட்டுக்கண் இருக்க வேண்டிய இடத்தில், கரும்புள்ளி ஒன்றும் இருக்கிறது.

இனி நூல். "எறும்பு நூல் விடுமா?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டு "விடாது" என்று சொல்லிவிட முடியாது. முசுற்றின் கூட்டில் இலைகளை ஒட்டி வைத்திருப்பது பட்டு நூல்தான். ஆனால் அதைத் தருவது வளர்ந்த எறும்பு அன்று. வேலைக்கார எறும்புகள் தம் கூட்டத்தின் இளம்புழுக்களை வாயில் மென்மையாகக் கவ்வி, இலை விளிம்புகளுக்கு இடையே நெசவுத் தறியின் நாடா போல முன்னும் பின்னும் கொண்டுபோகின்றன. நூல் அந்தப் புழுக்களின் வாயிலிருந்து வருகிறது. வளர்ந்த எறும்பு ஒருபோதும் தன் வயிற்றின் நுனியிலிருந்து நூல் விட்டுத் தொங்குவதில்லை. தீப்பெட்டிக்குள் தொங்கியது எறும்பு அல்ல என்பதற்கு அந்த மாணவி கண்டுபிடித்த சான்று பாடநூலில் உள்ள சான்றுகளுக்குக் குறைந்ததன்று.

ஏன் இந்த வேடம்?

எறும்பை உண்ண விரும்பும் பிராணிகள் குறைவு. அது கடிக்கும், முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும், ஒன்றைத் தொட்டால் கூட்டமே திரண்டு வரும். ஆகவே பறவைகள், கும்பிடுபூச்சிகள், பெரிய சிலந்திகள் முதலியவற்றில் பல எறும்பைக் கண்டால் ஒதுங்கிச் செல்கின்றன. நம் சிலந்திக்கோ அமிலமும் இல்லை, படையும் இல்லை. தோற்றம் ஒன்றுதான் அதற்குக் காவல். தீங்கற்ற ஓர் உயிர் தீங்குள்ள ஓர் உயிரைப் போலத் தோன்றித் தப்பிப்பதை, 1862ஆம் ஆண்டு அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர். ஆதலால் இதைப் பேட்ஸ் வகைப் போலித்தோற்றம் என்கிறோம்.

எறும்புகளையே ஏமாற்றி அவற்றின் கூட்டத்தில் கலந்துவிடுவதற்காக இந்த வேடம் என்று நினைத்துவிடாதீர்கள். எறும்புகள் ஒன்றையொன்று மோப்பத்தாலும் தொடுதலாலும் அறிகின்றன. அவற்றின் கையில் அகப்பட்டால் வேடம் பலிக்காது. அதனால் நம் சிலந்தி எறும்புகளின் அருகே வாழ்ந்தாலும், எறும்பு நெருங்கினால் விலகி ஓடிவிடுகிறது. வேடம் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகைவர்களுக்காக மட்டுமே.

ஆண் சிலந்தியின் கதை இன்னும் விந்தையானது. கெலிசெரா எனப்படும் அதன் தாடைகள் கடைசித் தோலுரிப்புக்குப் பின் முகத்துக்கு முன்னே நெடுக நீண்டுவிடுகின்றன. அப்போது எறும்பு வேடம் கெட்டுவிடாதா? கெடவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு, வாயில் எதையோ கவ்விச் செல்லும் எறும்பாக அது தோன்றுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. வாயில் சுமையோடு போகும் எறும்பால் கடிக்க முடியாதல்லவா? எறும்பையே இரையாகக் கொள்ளும் சில வேட்டைச் சிலந்திகள் இத்தகைய ஆணைப் பெண்ணைக் காட்டிலும் அதிகமாகத் தாக்க முனைகின்றன என்று 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு பகைவனிடமிருந்து காக்கும் வேடமே இன்னொரு பகைவனை அழைத்து வருகிறது.

ஏணியின் படிகள்

உயிர்களை வகைப்படுத்தும் ஆசை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்து, எறும்பை மூவறிவு உயிர்களில் வைக்கிறது. திருவிவிலியத்தின் தொடக்க நூலில், ஆண்டவர் விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவந்து அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்தார் எனப் படிக்கிறோம். பெயரிடும் பொறுப்பை மனிதனிடம் விட்டார். ஆகவே அதைப் பொறுப்போடு செய்ய வேண்டும்.

இன்றைய வகைப்பாடு ஓர் ஏணி போன்றது. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை கண்ட பிறகே அடுத்த படியில் கால் வைக்கலாம். நம் தீப்பெட்டிச் சிலந்தியோடு ஏறிப் பார்ப்போம்.

முதற்படி தொகுதி. உடலின் மேல் கடினமான உறை உண்டா, கால்கள் கணுக்களால் ஆனவையா? ஆம். எனவே இது கணுக்காலி. இந்தப் படியில் எறும்பும் சிலந்தியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இரண்டாம் படி வகுப்பு. ஆறு கால்களும் உணர்கொம்புகளும் இருந்தால் பூச்சி. எட்டுக் கால்கள் இருந்து, உணர்கொம்பு இல்லாவிட்டால் அராக்னிடா. எறும்பும் சிலந்தியும் இங்கே பிரிந்துவிடுகின்றன. இனி எந்தப் படியிலும் அவை சந்திப்பதில்லை. இங்கு இன்னொரு எச்சரிக்கை. கும்பிடுபூச்சிக் குஞ்சுகளிலும் சில நாவாய்ப்பூச்சிக் குஞ்சுகளிலும்கூட எறும்பு வேடம் உண்டு. அவை ஆறு கால் உள்ளவை. பூச்சி வகுப்பிலேயே நிற்பவை.

மூன்றாம் படி வரிசை. தேளும் உண்ணியும் கூட அராக்னிடாதான். வயிற்றின் நுனியில் நூல் நூற்கும் உறுப்புகள் இருந்தால் அது சிலந்தி வரிசை.

நான்காம் படி குடும்பம். இங்கே கண்களைப் பார்க்க வேண்டும். முகத்தில் நான்கு கண்கள் வரிசையாக அமைந்து, அவற்றுள் நடு இரண்டும் மோட்டார் வண்டியின் முகப்பு விளக்குகள் போலப் பெரியவையாக இருந்தால் அது சால்டிசிடே என்னும் தாவும் சிலந்திக் குடும்பம். மற்ற நான்கு கண்கள் தலையின் மேற்புறத்தில் பின்தள்ளி இருக்கும். சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இதுதான். 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இவை இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. கண்ணால் கண்டு, பதுங்கிச் சென்று, பாய்ந்து பிடிக்கும்.

இந்தப் படியைத் தாண்டுமுன் நன்றாகப் பார்ப்பது அவசியம். முசுற்றைப் போலவே வேடமிடும் வேறொரு சிலந்தி நம் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் அமீசியா பார்ட்டிசெப்ஸ். அது நண்டுச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, கண்கள் சிறியவை, வயிற்றின் பின்முனையில் கண்கள் போன்ற இரு கரும்புள்ளிகள் உண்டு. தாவும் சிலந்தி முசுற்றைக் கண்டு விலகுகிறது. நண்டுச் சிலந்தியோ முசுற்றையே பிடித்துத் தின்கிறது. வேடம் ஒன்று, குடும்பம் வேறு, நடத்தையும் வேறு. தோற்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஐந்தாம் படி பேரினம். உடல் நீண்டு ஒடுங்கி, தலைமார்பின் நடுவில் இடுக்கு விழுந்து, காம்பு வெளியே தெரிந்து, முதிர்ந்த ஆணின் தாடைகள் முன்னோக்கி நீண்டிருந்தால் அது மிர்மராக்னே அல்லது அதன் நெருங்கிய உறவுப் பேரினம். கிரேக்க மொழியில் மிர்மெக்ஸ் என்றால் எறும்பு. அராக்னே என்றால் சிலந்தி. எறும்புச் சிலந்தி என்பதே பெயரின் பொருள். ஆனால் எறும்பு வேடமிடும் தாவும் சிலந்தி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் சைனமோசைனா போன்ற வேறு பேரினங்கள் இருக்கின்றன.

ஆறாம் படி சிற்றினம். இதுதான் ஏணியில் வழுக்கும் படி. நிறத்தை நம்பக் கூடாது. ஒரே இனத்தில் நிறம் மாறலாம், சாராயத்தில் இட்டால் வெளுத்தும் போகலாம். ஆணின் தாடை நீளத்தையும் முழுதாக நம்ப முடியாது. உடல் பெரிதானால் தாடையும் மிக நீளும். இளம் ஆணுக்கு நீண்ட தாடை இல்லாததால் பார்வைக்கு அது பெண் போலவே இருக்கும். குஞ்சுப் பருவத்தில் ஒரு சிறிய எறும்பைப் போலவும், வளர்ந்தபின் வேறோர் எறும்பைப் போலவும் தோன்றும் இனங்களும் உண்டு. ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்களென்று எண்ணி இரண்டு பெயர் சூட்டிய தவறுகள் இத்துறையில் பல நிகழ்ந்துள்ளன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதிர்ந்த சிலந்தியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தாடை விளிம்பிலுள்ள பற்களை எண்ணுகிறார்கள். கால்களிலுள்ள முட்களைக் கணக்கிடுகிறார்கள். பெண்ணின் வயிற்றின் அடிப்புறத்தில் எபிஜைன் என்னும் தகடு உண்டு. அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். ஆணிடம் பெடிபால்ப் எனப்படும் உணர்கைகளைப் பார்க்கிறார்கள். பெரும்பாலான சிலந்திகளில் இந்த உணர்கை ஒன்றே இனத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மிர்மராக்னேயில் பல இனங்களின் உணர்கைகள் ஒன்றுபோலவே இருப்பதால், எல்லா அடையாளங்களையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதிராத சிலந்தியில் இவ்வுறுப்புகள் முழுமை பெற்றிருக்க மாட்டா. அப்போது நேர்மையான விடை, "இந்தப் படிக்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை" என்பதே.

பெயரின் வரலாறு

மிர்மராக்னே என்ற பேரினத்துக்கு 1839ஆம் ஆண்டு பெயரிட்டவர் மக்லே என்னும் இயற்கை அறிஞர். அதன் மாதிரி இனம் மிர்மராக்னே மெலனோசெபாலா; கருந்தலை உடையது என்று பொருள். மாதிரி இனம் என்றால், பேரினத்தின் பெயர் எந்த இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த இனம். நங்கூரம் உறுதியாக இல்லாவிட்டால் கப்பல் அலையும் அல்லவா? நெடுங்காலம் இந்தப் பேரினத்தின் நிலை அப்படித்தான் இருந்தது. 2009ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ், பெஞ்சமின் என்ற இருவர் அந்த மாதிரி இனத்தை மீண்டும் கண்டு, விரிவாக விவரித்து வெளியிட்டார்கள். முதற்பெயருக்கும் இதற்கும் இடையே 170 ஆண்டுகள்!

முசுற்றைப் போல வேடமிடும் சிலந்திக்கு 1869ஆம் ஆண்டு பெயர் தந்தவர் ஆக்டேவியஸ் பிக்கார்டு கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் திருச்சபையில் குருவாகப் பணியாற்றியவர். இலங்கையிலிருந்து கிடைத்த சிலந்தியை அவர் சால்டிகஸ் பிளாட்டாலியாய்டஸ் என்று குறித்தார். பிளாட்டாலியா என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். கரண்டிவாயனைப் போன்றது என்று பொருள். ஆணின் நீண்ட தாடையைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். பின்னர் இது மிர்மராக்னே பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

இந்த வரலாற்றில் மாணவியராகிய நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் ஒன்றும் உண்டு. எலிசபெத் பெக்காம் அம்மையார் 1876ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாசர் மகளிர் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெண்கள் அறிவியல் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது. சிலந்திகளின் காப்புத் தோற்றம் பற்றி 1889இல் தனியாகவும், எறும்பு போன்ற தாவும் சிலந்திகளைப் பற்றி 1892இல் தம் கணவரோடு சேர்ந்தும் அவர் எழுதினார். கணவர் ஜார்ஜ் பெக்காம் உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றும் இல்லாத இந்தத் தம்பதியர் செய்த வேலை இன்றும் மதிக்கப்படுகிறது.

1978இல் வான்லெஸ் என்பவர் ஆப்பிரிக்க மிர்மராக்னே இனங்களை முழுதும் ஆராய்ந்து பெரிய நூலளவில் வெளியிட்டார். பேரினம் வளர்ந்து வளர்ந்து 200-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டதாயிற்று. 2016ஆம் ஆண்டு போலந்து நாட்டு அறிஞர் புரோஷின்ஸ்கி இதைப் பல பேரினங்களாகப் பிரித்தார். நம் முசுற்றுப் போலி அப்போது மிர்மபிளாட்டா என்ற புதிய பேரினத்துக்குப் போய், மிர்மபிளாட்டா பிளாட்டாலியாய்டஸ் ஆயிற்று. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பேணிவரும் உலகச் சிலந்திப் பட்டியலும் இப்பெயரையே கொண்டுள்ளது. அப்பட்டியலில் 2022ஆம் ஆண்டு சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது.

"பெயரை இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் படிப்பவர் கதி என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு செய்தி சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு சீன அறிஞர்கள், டாக்சியஸ் மேக்னஸ் என்னும் எறும்புப் போலிச் சிலந்தியின் தாய், தன் குஞ்சுகளுக்குப் பால் போன்ற ஒரு திரவத்தை ஊட்டி வளர்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முதல் வாரத்தில் கூட்டின் சுவரில் துளித்துளியாக வைக்கிறது. பிறகு குஞ்சுகள் தாயின் வயிற்றிலிருந்தே உறிஞ்சுகின்றன. முதல் 20 நாட்கள் அவற்றுக்கு வேறு உணவே இல்லை. அந்தத் திரவத்தில் பசும்பாலைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு புரதம் இருக்கிறதாம். சிற்றுயிரிலும் தாயன்பை வைத்த இறைவனை நினைத்து வியக்கிறோம். இந்தச் சிலந்தியும் முன்பு மிர்மராக்னே என்ற பெயரில் இருந்ததுதான். பழைய பெயரில் எழுதியவரும் புதிய பெயரில் ஆராய்ந்தவரும் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றமும் பட்டியலில் எழுதி வைக்கப்பட்டிருப்பதால் தெரிகிறது. பெயர் மாறுவதில் இழுக்கில்லை. மாற்றியதை மறைப்பதுதான் இழுக்கு.

நீங்களும் பார்க்கலாம்

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு கைலென்ஸ், வெள்ளைத்தாள், பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய், குறிப்பேடு ஆகியவை போதும். முசுறு வாழும் மா, கொய்யா முதலிய மரங்களின் இலைகளைத் தூர நின்று கவனியுங்கள். கூட்டைத் தொடாதீர்கள், முசுற்றின் கடி பொல்லாதது. எறும்புகள் வரிசையாகப் போகும்போது ஒன்று மட்டும் தனித்து நின்று, மற்றவை வந்தால் விலகுகிறதா என்று பாருங்கள். உங்கள் விரலை அருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பி உங்களையே பார்க்கிறதா? தாளில் விட்டுத் தட்டினால் நூலில் தொங்குகிறதா? அதுவே உங்கள் சிலந்தி. இது மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை.

குறிப்பேட்டில் நாள், நேரம், மரம், அருகே இருந்த எறும்பு, நீளம், கால்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்தபடியே எழுதுங்கள். படம் வரையுங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால், பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றதையே கண் தேடும். நான் தீப்பெட்டியைத் திறந்தபோது நேர்ந்தது அதுதான். பார்த்து முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

முடிவாக

கண்காட்சி நாளில் அந்த மாணவி தன் கண்ணாடிக் குழாயின் அருகே வைத்த சீட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "கிடைத்த இடம்: மாமரம். அருகே: முசுறு. வகுப்பு: அராக்னிடா. குடும்பம்: சால்டிசிடே. மிர்மராக்னே அல்லது அதன் நெருங்கிய பேரினம். முதிராதது. சிற்றினம்: சொல்ல இயலவில்லை."

பார்க்க வந்த பெற்றோர் ஒருவர், "பெயரே தெரியாததையா கொண்டுவந்து வைத்திருக்கிறாய், அம்மா?" என்று கேட்டார். "தெரிந்தவரைக்கும் எழுதியிருக்கிறேன், ஐயா. மீதி தெரிய இது வளர வேண்டும்" என்று அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பரிசு வேறொரு பிரிவுக்குப் போயிற்று. சிற்றினப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் கிடைத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாமல் இல்லை. முசுற்றின் அருகே கிடைத்ததால் பிளாட்டாலியாய்டஸாக இருக்கலாம் என்று நானே சொல்லியிருந்தேன். "இருக்கலாம் என்றால் எப்படி எழுதுவது, டீச்சர்?" என்று அவள்தான் மறுத்துவிட்டாள். அன்று மாலை சிலந்தியை அதே மாமரத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

இந்த ஆண்டு பள்ளி திறந்த சில வாரங்களில் அவள் என்னை மரத்தடிக்கு அழைத்துப்போனாள். தாழ்ந்த கிளையின் இலைமேல், வாயில் சுமையோடு போகும் முசுறு போன்ற ஒன்று நின்றது. லென்ஸை அவளிடம் கொடுத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள். கால்களை எண்ணினாள், கண்களைப் பார்த்தாள், நீண்ட தாடைகளைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: "முதிர்ந்த ஆண். மிர்மபிளாட்டா பிளாட்டாலியாய்டஸ் எனத் தோன்றுகிறது. தாடைப் பற்களை எண்ணவில்லை."

அந்தக் கடைசி வரிக்காக அவளை மனமாரப் பாராட்டினேன். மாணவியரே, இறைவன் படைப்பில் சிறியது என்று எதுவும் இல்லை. அதைப் பொறுமையோடு பாருங்கள், கண்டதைச் சொல்லுங்கள், காணாததைக் காணவில்லை என்றே எழுதுங்கள். உங்கள் ஆசிரியை தவறினாலும், அஞ்சாமல் மறுநாள் திரும்பி வந்து கேளுங்கள்.